மாதாந்திர ஃபோர்காஸ்ட் ஃபைல்களைச் சேர்க்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

பிளானிங் டீமிலிருந்து மாதம் ஒரு ஃபோர்காஸ்ட் (விற்பனைக் கணிப்பு) ஃபைல் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எக்செலுக்குள்ளேயே இருக்கும், பல ஃபைல்களின் தரவைச் சேர்க்கும் கருவியான பவர் குவெரி வழியாக ஒன்றுசேர்த்து, நடந்த விற்பனையோடு ஒப்பிட்டு, நம் கணிப்பு தேறுகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். சொல்ல எளிது. ஆனால் அடுத்த மாத ஃபைல் உள்ளே விழுந்ததும் ஏதாவது ஒன்று உடையும். எந்த ஆபீசில் பார்த்தாலும் உடைவது ஏறக்குறைய இதே இடங்களில்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சோப்புக் கம்பெனியை வைத்துக்கொள்வோம். மதுரை, திருச்சி, கோவை என்று டிப்போக்கள். ஏப்ரல் 2024 ஃபைலில் பொருள் கோடு, டிப்போ, அதன் பிறகு ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை 12 மாத நெடுவரிசைகள். மே ஃபைலில் மே 2024 முதல் ஏப்ரல் 2025 வரை. இப்படி மாதம் ஒரு கட்டம் நகரும்.

கை வைப்பதற்கு முன்பு ஒரே ஒரு வேலை. தனி ஷீட்டில் ஒவ்வொரு ஃபைலின் பெயர், அதன் மொத்த அளவு, வரிகளின் எண்ணிக்கை மூன்றையும் ஃபைலைத் திறந்து பார்த்துக் கையால் எழுதி வையுங்கள். கீழே "மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்" என்று வரும் இடமெல்லாம் இந்தக் கட்டுப்பாட்டு ஷீட்தான். இது இல்லாமல் குவெரியைத் திருத்துவது குருட்டாம்போக்கு வேலை.

## ரெஃப்ரெஷ் கொடுத்ததும் பிழைச் செய்தி வருகிறது

கத்துகிற பிழைகள் நல்ல பிழைகள். எங்கே கோளாறு என்று அவையே காட்டிவிடும். கீழே உள்ள ஐந்தில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

### ஃபைல் கெட்டுப்போனது, ஃபார்மட் சரியில்லை என்கிறது

யாரோ அந்த ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார். எக்செல் ஒரு ஃபைலைத் திறந்ததும் அதே பெயருக்கு முன்னால் ~$ சேர்த்து ஒரு மறைவான தற்காலிக ஃபைலை உருவாக்கும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் கண்ணில் படாது, பவர் குவெரிக்குப் படும். குவெரியின் முதல் படியில், ஃபைல் பெயர் நெடுவரிசையில் "டஸ் நாட் பிகின் வித்" ஃபில்டர் வைத்து ~$ என்று கொடுங்கள். அதே இடத்தில் எக்ஸ்டென்ஷனையும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று ஃபில்டர் செய்துவிட்டால், யாரோ போட்டு வைத்த பிடிஎஃப், மெயில் ஃபைல் எல்லாம் ஒதுங்கிவிடும்.

### "தி கீ டிட்ன்ட் மேட்ச் எனி ரோஸ்" என்கிறது

ஷீட் பெயர் மாறியிருக்கிறது. ஏப்ரலில் "ஃபோர்காஸ்ட்", மேயில் "ஃபோர்காஸ்ட் மே". பெயரின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே செய்திதான். ஒரே ஒரு ஃபைலில் மட்டும் இருந்தால் பெயரைத் திருத்துங்கள். மாதா மாதம் மாறுகிறது என்றால், ஃபோல்டரைச் சேர்க்கும்போது தானாக உருவாகும் "டிரான்ஸ்ஃபார்ம் சாம்பிள் ஃபைல்" குவெரிக்குள் போய், ஷீட்டைப் பெயரால் எடுக்காமல் முதல் ஷீட் என்று எடுக்கும்படி மாற்றுங்கள். அப்படி மாற்றினால், முதலில் ஒரு "குறிப்புகள்" ஷீட்டைச் செருகுபவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.

### குறிப்பிட்ட நெடுவரிசை இல்லை என்கிறது

தொண்ணூறு சதவீதம் "சேஞ்ச்ட் டைப்" என்ற படிதான் குற்றவாளி. நாம் கேட்காமலே எக்செல் சேர்க்கும் படி அது. எல்லா நெடுவரிசைப் பெயரையும் உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும். ஏப்ரல் ஃபைலை ஃபோல்டரிலிருந்து எடுத்தாலே "ஏப்ரல் 2024 எங்கே?" என்று நின்றுவிடும். அந்தப் படியை நீக்குங்கள். வகை மாற்றுவதை எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசிப் படியாக வையுங்கள்.

### உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, மற்றவருடையதில் ஓடவில்லை

ஃபோல்டர் பாதைக்குள் உங்கள் பயனர் பெயர் இருக்கிறது. பாதையைப் பாராமீட்டராக மாற்றுங்கள், இல்லையென்றால் ஷேர்பாயின்ட் ஃபோல்டர் இணைப்புக்குப் போங்கள். அதில் ஃபோல்டரின் முழு முகவரியைக் கொடுக்கக்கூடாது, சைட்டின் முகவரியை மட்டும் கொடுக்க வேண்டும். பிறகு ஃபோல்டரை ஃபில்டரில் தேர்ந்தெடுக்கலாம். "அக்சஸ் டினைட்" என்று வந்தால் நீங்கள் மெனக்கெட வேண்டாம், ஐடி துறையிடம் அனுமதி கேளுங்கள்.

### ஃபார்முலா ஃபயர்வால் என்கிறது

வெவ்வேறு இடத்திலிருந்து வரும் தரவை ஒரே படியில் கலக்கிறீர்கள். எல்லாமே கம்பெனிக்குள் உள்ள ஃபைல்கள்தான் என்றால், அந்த ஒர்க்புக்குக்கு மட்டும் பிரைவசி லெவலைப் புறக்கணிக்கச் சொல்லலாம். வெளி இணையதளத்திலிருந்தும் தரவு எடுக்கிறீர்கள் என்றால் அதைச் செய்யாதீர்கள். குவெரியை இரண்டாகப் பிரிப்பதே சரி.

## பிழை எதுவும் இல்லை, ஆனால் புதிய மாதங்கள் வரவில்லை

இதுதான் அதிகம் பேரை ஏமாற்றும் கோளாறு. ரெஃப்ரெஷ் முடிந்தது, டேபிள் நிறைந்திருக்கிறது. மாதம் போகப் போக எண்கள் மட்டும் மெலிந்துகொண்டே வரும்.

காரணம் இது. ஃபோல்டரைச் சேர்க்கும்போது பவர் குவெரி ஒரு ஃபைலை மாதிரியாக எடுக்கும், வழக்கமாக முதல் ஃபைல். அதில் உள்ள நெடுவரிசைகளை மட்டுமே மற்ற ஃபைல்களிலும் தேடும். மாதிரியில் இல்லாததை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடும். மாதிரி ஏப்ரல் 2024 ஃபைல் என்றால், மே ஃபைலில் புதிதாக வந்த ஏப்ரல் 2025 போச்சு. ஜூன் ஃபைலில் இரண்டு மாதம் போச்சு. மார்ச் 2025 ஃபைலுக்கு வரும்போது அதன் 12 மாதங்களில் மார்ச் 2025 ஒன்றுதான் மிஞ்சும். ஏப்ரல் 2025 ஃபைலில் பொருள் கோடும் டிப்போவும் மட்டும் இருக்கும், மாதமெல்லாம் காலி.

சோதனை: "சோர்ஸ் நேம்" நெடுவரிசையை வைத்து ஃபைல்வாரியாக மொத்தம் போட்டு, உங்கள் கட்டுப்பாட்டு ஷீட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். முதல் ஃபைல் சரியாக இருந்து, அடுத்தடுத்தவை படிப்படியாகக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு: சேர்த்த பிறகு திருத்தப் பார்க்காதீர்கள். சேர்ப்பதற்கு முன்பே மாதங்களை நெடுவரிசையிலிருந்து வரிக்குக் கொண்டுவாருங்கள். "டிரான்ஸ்ஃபார்ம் சாம்பிள் ஃபைல்" குவெரியைத் திறந்து, முதல் வரியைத் தலைப்பாக்கிய பிறகு, பொருள் கோடு, டிப்போ இரண்டையும் மட்டும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து "அன்பிவட் அதர் காலம்ஸ்" கொடுங்கள். பக்கத்திலேயே "அன்பிவட் ஒன்லி செலக்டட் காலம்ஸ்" இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது மாதப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளும், பழைய கதை மறுபடி தொடங்கும். இனி ஒவ்வொரு ஃபைலுக்கும் பொருள், டிப்போ, மாதம், அளவு என்று நான்கே நெடுவரிசை. மாதம் எவ்வளவு நகர்ந்தாலும் உடையாது. மாற்றியதும் வெளிக் குவெரியில் "சேஞ்ச்ட் டைப்" படி பிழை காட்டும். பழைய பெயர்களைத் தேடுகிறது, நீக்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அன்பிவட் செய்யும்போது காலியான செல்கள் வரியாக மாறாது, காணாமல் போகும். ஃபோர்காஸ்ட்டில் காலி, விற்பனையில் 400 பெட்டி என்ற பொருள்தான் நம் மோசமான தவறு. அதுவே கணக்கிலிருந்து விடுபட்டால் துல்லியம் அழகாகத் தெரியும். ஆகவே விற்பனை டேபிளோடு சேர்க்கும்போது "லெஃப்ட் அவுட்டர்" (ஃபோர்காஸ்ட் பக்க வரிகள் மட்டும்) வேண்டாம், "ஃபுல் அவுட்டர்" (இரண்டு பக்க வரிகளும்) கொடுத்து, ஃபோர்காஸ்ட் இல்லாத இடத்தில் பூஜ்யம் வையுங்கள். அந்த வரிகளில் பொருள் கோடு, டிப்போ, மாதம் மூன்றும் காலியாக நிற்கும். விற்பனைப் பக்கத்திலிருந்து அவற்றை நிரப்புங்கள்.

## மொத்தம் உண்மையைவிடக் கூடுதலாக வருகிறது

முதலில் ஃபோல்டரைப் பாருங்கள். "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் சார் பார்த்தது" என்று ஒரே மாதத்துக்கு மூன்று ஃபைல் இருக்கும். மூன்றும் சேர்ந்திருக்கும். உள்ளே சப்-ஃபோல்டர் இருந்தால் அதையும் பவர் குவெரி எடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. "பழையது" என்று பெயர் வைத்த ஃபோல்டரும் கணக்கில் சேரும். ஃபோல்டர் பாதையிலேயே ஃபில்டர் வையுங்கள்.

அடுத்து, ஃபைலின் கடைசியில் "மொத்தம்" என்று ஒரு வரி. மொத்தம் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் இதுதான். டிப்போ காலியாக உள்ள வரிகளைத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் தீரும்.

இரண்டும் இல்லையென்றால் சேர்க்கும் இடம். பொருள் பட்டியலில் ஒரே கோடு இரண்டு முறை இருந்தால், மெர்ஜ் செய்ததும் ஒவ்வொரு ஃபோர்காஸ்ட் வரியும் இரண்டாகும். மெர்ஜுக்கு முன்னும் பின்னும் வரி எண்ணிக்கையைப் பாருங்கள், கூடியிருந்தால் பட்டியலில் டூப்ளிகேட். ஒரே கோட்டுக்கு இரண்டு பொருள் என்று மாஸ்டரிலேயே இருந்தால், எக்செலில் ஒட்டுப்போடாமல், கம்பெனியின் ஈஆர்பி மென்பொருளைப் பார்ப்பவரிடம் கொடுங்கள்.

## பல பொருட்கள் விற்பனையோடு பொருந்தவில்லை

கண்ணுக்கு ஒரே கோடுதான். ஆனால் ஒரு ஃபைலில் 00451, இன்னொன்றில் 451. எக்செல் எண் என்று நினைத்து முன்பூஜ்யங்களைத் தின்றுவிட்டது. 15 இலக்கத்துக்கு மேல் நீளமான கோடாக இருந்தால் இன்னும் மோசம், 16-ஆவது இலக்கத்திலிருந்து பூஜ்யமாக்கிவிடும். அதைத் திரும்பப் பெற வழியில்லை, மூல ஃபைலைத்தான் மறுபடி வாங்க வேண்டும். பொருள் கோட்டை மட்டும் முதல் படியிலேயே டெக்ஸ்ட் என்று வகை மாற்றி, நீளத்தைச் சமப்படுத்துங்கள்.

அடுத்தது எழுத்து அளவு. வி-லுக்அப்புக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் கிடையாது. பவர் குவெரிக்கு உண்டு. "வி-லுக்அப்பில் வந்தது, இங்கே வரவில்லை" என்று சொன்னால் நேராக இதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பெரிய எழுத்தாக்கினால் தீரும். அதற்கும் அடங்காதது வெப் ரிப்போர்ட்டிலிருந்து காப்பி செய்த கோடு. அதில் ஒட்டிவரும் ஸ்பேஸ் சாதாரண ஸ்பேஸ் அல்ல, எக்செலின் ட்ரிம் அதைத் தொடாது. அந்த ஸ்பேஸையே காப்பி செய்து ரீப்ளேஸ் பெட்டியில் ஒட்டி, காலியாக மாற்றுங்கள்.

## எல்லா விற்பனையும் ஜனவரியில் விழுகிறது

தேதி 01/05/2024. நமக்கு மே 1. அமெரிக்க அமைப்பில் உள்ள கம்ப்யூட்டருக்கு ஜனவரி 5. மாதத் தலைப்புகள் எல்லாம் ஒன்றாம் தேதியாகவே இருப்பதால் பிழையே வராது. 12 மாதமும் ஜனவரி 1, ஜனவரி 2, ஜனவரி 3 என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். மாத நெடுவரிசையில் ரைட் கிளிக் செய்து, "சேஞ்ச் டைப்" கீழே "யூசிங் லொகேல்" போய், இங்கிலீஷ் இந்தியா கொடுங்கள்.

ஒரு வருடம் மட்டும் தள்ளிப்போனால் கதை வேறு. நவம்பர் 2025-இல் ஒருவர் தலைப்பில் "ஜன-26" என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்கிறார், 2026 ஜனவரி என்ற எண்ணத்தில். எக்செல் அதை 26 ஜனவரி 2025 என்று எடுத்துக்கொள்ளும். செல்லில் "26-ஜன" என்று புரண்டு நிற்பதே அடையாளம். செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள், முழுத் தேதி தெரிந்துவிடும். பிளானிங் டீமுக்குப் பூட்டிய டெம்ப்ளேட் ஒன்று கொடுத்து, தலைப்பை அவர்கள் டைப் செய்யவே விடாமல் இருப்பதுதான் நிரந்தர வைத்தியம்.

## துல்லியம் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

மேனேஜர் சந்தோஷப்படுவார். நீங்கள் படக்கூடாது. பிழை (கணிப்புக்கும் விற்பனைக்கும் உள்ள வித்தியாசம்) சரியாகப் பூஜ்யமாக உள்ள வரிகளை மட்டும் ஃபில்டர் செய்யுங்கள். 3,417 பெட்டி கணித்து 3,417 பெட்டியே விற்றது என்று வரிவரியாக இருந்தால், அது கணிப்பு அல்ல. காரணம் கீழே உள்ள மூன்றில் ஒன்று.

முடிந்த மாதங்களில் விற்பனையை ஏற்றியிருக்கிறார்கள். நிதியாண்டு ஃபைலில் இது சகஜம். அக்டோபர் ஃபைலில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடந்த விற்பனை, அக்டோபரிலிருந்துதான் கணிப்பு. ஃபைல் பெயரிலிருந்து ஃபைல் மாதத்தை எடுத்து, இலக்கு மாதத்திலிருந்து (எந்த மாதத்துக்கான கணிப்போ அது) கழியுங்கள். இந்த இடைவெளியைத்தான் லேக் என்கிறோம். லேக் 1-க்குக் குறைவான வரிகளைத் தள்ளுங்கள். ஃபைல் மாதத்துக்கு "டேட் கிரியேட்டட்" நெடுவரிசையை நம்ப வேண்டாம், ஃபைலை வேறு ஃபோல்டருக்குக் காப்பி செய்தாலே மாறிவிடும்.

பழைய ஃபைல் உயிரோடு இருக்கிறது. அதன் செல்களில் மாஸ்டர் ஒர்க்புக்குக்கு லிங்க் இருக்கும். யாராவது திறந்து "அப்டேட் லிங்க்ஸ்" கொடுத்து சேவ் செய்தால், ஜூனில் சொன்ன கணிப்பு இன்றைய கணிப்பாக மாறிவிடும். "எடிட் லிங்க்ஸ்" பாருங்கள். இருந்தால் எண்களை வேல்யூவாக ஒட்டி, ரீட்-ஒன்லியாக வையுங்கள்.

பின்னாலிருந்து திருத்தியிருக்கிறார்கள். ஜூலை ஃபைலின் "டேட் மாடிஃபைட்" ஆகஸ்ட் 2 என்று காட்டினால் கேளுங்கள், ஆனால் உடனே குற்றம் சாட்டாதீர்கள். சும்மா திறந்து சேவ் செய்தாலும் அந்தத் தேதி மாறும். ஷேர்பாயின்ட், ஒன்டிரைவில் இருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் முதல் பதிப்பை எடுக்கலாம். அங்கேயும் இல்லையென்றால் ஃபைல் வெளியான நாளின் மெயில் இணைப்பைத் தேடுங்கள். இரண்டும் கிடைக்காத மாதத்தை ஒப்பீட்டிலிருந்து விட்டுவிடுவதே நேர்மை. ஞாபகத்திலிருந்து எண் நிரப்பக்கூடாது.

## துல்லியம் மாதா மாதம் மெதுவாகச் சரிகிறது

புதிதாக ஆரம்பித்த எல்லோரும் இதில் மாட்டுவார்கள். டீம் மோசமாகிறது என்று மீட்டிங் வரை போகும். ஃபோல்டரில் முதல் ஃபைல் ஏப்ரல் என்றால், மே மாதத்துக்கு ஒரு மாதம் முன்பு சொன்ன கணிப்பு மட்டுமே உண்டு. அடுத்த மார்ச்சுக்கோ 1 முதல் 11 மாதம் முன்பு வரை சொன்ன கணிப்புகள் எல்லாம் உண்டு. தூரத்திலிருந்து சொன்னது அதிகம் தப்பும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால், யாரும் எதுவும் மாற்றாமலே கோடு கீழே இறங்கும்.

ஒரே லேக்கை மட்டும் எடுத்துப் போடுங்கள். விற்பனையைச் சேர்ப்பதற்கு முன்பே இந்த ஃபில்டரை வைக்க வேண்டும். எந்த லேக்? பேக்கிங் பொருள் ஆர்டர் கொடுத்து வந்துசேர 45 நாள் ஆகும் என்றால் லேக் 2. கடைசி நேரக் கணிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை வைத்து யாரும் எதையும் வாங்கியிருக்க முடியாது. "ரிமூவ் டூப்ளிகேட்ஸ்" கொடுத்துக் கடைசிக் கணிப்பை எடுக்கும் குறுக்குவழியும் வேண்டாம். முன்பு சார்ட் செய்திருந்தாலும் எந்த வரி மிஞ்சும் என்று பவர் குவெரி உறுதி தராது.

## ஒரே ஒரு மாதம் மட்டும் தாறுமாறு

அந்த ஃபைலின் மொத்தத்தை முந்தைய ஃபைலின் மொத்தத்தால் வகுங்கள். 48, 24, 12 என்று முழு எண் அருகே வந்தால் பெட்டிக்குப் பதில் பீஸ் எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஒரு டிப்போவில் மட்டும் இப்படி நடந்திருந்தால் மொத்தத்தில் தெரியாது, டிப்போவாரியாக வகுத்துப் பாருங்கள்.

அளவு சரி, அந்த மாதம் அக்டோபரோ நவம்பரோ என்றால் குவெரியைத் தொடாதீர்கள், காலண்டரைப் பாருங்கள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. கடைக்காரர்கள் சரக்கு எடுப்பது அதற்கும் முன்பே. முந்தைய வருடத்தை அப்படியே காப்பி செய்த கணிப்பு ஒரு மாதம் கூடவும் அடுத்த மாதம் குறையவும் தப்பும். இரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறதா? அப்படியானால் அது கணித்தவரிடம் பேச வேண்டிய விஷயம்.

## சதவீதம் 100-ஐத் தாண்டுகிறது, அல்லது வகுத்தல் பிழை காட்டுகிறது

விற்பனை பூஜ்யமான வரியில் சதவீதம் போட முடியாது. அந்த வரிகளை நீக்கிவிடத் தோன்றும், வேண்டாம். வரிக்கு வரி சதவீதம் போட்டுச் சராசரி எடுப்பதே தவறு. ஒரு பொருள் 6 கணித்து 2 விற்றது: பிழை 200%. இன்னொன்று 3,800 கணித்து 4,000 விற்றது: பிழை 5%. சராசரி 102.5% என்று வரும். பிழைகளைக் கூட்டி (4 + 200), மொத்த விற்பனையால் (4,002) வகுத்தால் 5.1%. இதுவே நிலைமையைச் சொல்லும் எண். பிவட் டேபிளில் சதவீத நெடுவரிசைக்கு "ஆவரேஜ்" கொடுத்திருந்தால் எடுத்துவிட்டு, கூட்டுத்தொகையை வகுக்கும் மெஷர் (பிவட்டுக்கான ஃபார்முலா) எழுதுங்கள்.

பிழையை எந்த மட்டத்தில் கூட்டுகிறீர்கள் என்பதையும் பார்க்கவும். மதுரையில் 300 கூட, திருச்சியில் 300 குறைய என்றால் மாநில அளவில் பிழை பூஜ்யம், லாரி மட்டும் இரண்டு முறை ஓடும். டிப்போ மட்டமோ மாநில மட்டமோ ஒன்றைத் தேர்ந்து, எல்லா மாதமும் அதிலேயே நில்லுங்கள்.

## ரெஃப்ரெஷ் முடியவே மாட்டேன் என்கிறது

மெதுவான ஃபைலைத் திறந்து கன்ட்ரோல், எண்ட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். 2,000 வரி உள்ள ஷீட்டில் கர்சர் பத்து லட்சமாவது வரிக்குப் போய் நின்றால், யாரோ ஷீட் முழுக்கக் கட்டம் போட்டிருக்கிறார்கள். மிச்ச வரிகளை டிலீட் செய்து சேவ் செய்யுங்கள். ஷேர்பாயின்ட்டிலிருந்து எடுப்பது மெதுவாக இருந்தால் ஃபோல்டரைக் கம்ப்யூட்டருக்கு சின்க் செய்து பாருங்கள். பழைய மாதங்களை சிஎஸ்வி ஆக மாற்றி வைப்பதும் நல்ல வேகம் தரும், மாறப்போகாத ஃபைல்கள்தானே.

அடுத்தது எக்செல் ஷீட்டின் எல்லை: 10,48,576 வரிகள். 2,000 பொருள், 10 டிப்போ, 12 மாதம் என்றால் ஒரு ஃபைலுக்கே 2,40,000 வரி. ஐந்தாவது ஃபைலில் எல்லை தாண்டிவிடும். ஷீட்டில் லோட் செய்யாமல் "ஒன்லி கிரியேட் கனெக்ஷன்" கொடுத்து டேட்டா மாடலில் சேருங்கள். தேவையான லேக்கை மட்டும் வைத்தால் பாரம் பல மடங்கு குறையும். 32-பிட் எக்செல் என்றால் 64-பிட்டுக்கு மாற்றச் சொல்லி ஐடியிடம் கேளுங்கள், செலவில்லாத வேலை.

இவ்வளவும் செய்தும் அரை மணி நேரம் சுற்றுகிறது, அல்லது ஒரே நேரத்தில் ஐந்து பேர் இதை ரெஃப்ரெஷ் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் எக்செலின் வேலை அங்கே முடிந்தது. டேட்டாபேஸ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் கொடுக்க வேண்டியவை: உங்கள் கட்டுப்பாட்டு ஷீட், மாற்றமே செய்யாத இரண்டு மூல ஃபைல்கள், எந்த லேக்கில் எந்த மட்டத்தில் பிழை கணக்கிடுகிறீர்கள் என்று எழுதிய அரைப்பக்கம். அந்த அரைப்பக்கம் இல்லாமல் போனால், அவர் எல்லா லேக்கையும் சேர்த்துச் சராசரி போட்டு டாஷ்போர்டு கட்டிக் கொடுத்துவிடுவார், அதற்கும் பில் வரும்.